பூசப் பூச ஏறும் ஈரம்

கிரான் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சுவர் ஊறித் தெரியும். பெயின்ற் குமிழ் விடும், வெள்ளையாக உப்புப் பூக்கும், கையால் தட்டினால் பூச்சு பொருக்குப் பொருக்காக விழும். மேசனைக் கூப்பிடுவார்கள். அவர் பழுதான இடத்தைக் கொத்தி எடுத்துவிட்டு, இடுப்பளவுக்குச் சீமெந்தை நன்றாக இறுக்கிப் பூசிவிட்டுப் போவார். அதன் மேல் தண்ணீர் புகாது என்று கடைக்காரர் சொன்ன பெயின்ற் இரண்டு பூச்சு. ஒரு மாரி கழியும். புதுப் பூச்சுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதற்கு மேலே, நெஞ்சளவில், முன்பு காய்ந்து கிடந்த சுவரில் இப்போது ஈரம் தெரியும்.

மேசன் கள்ளவேலை செய்யவில்லை. சீமெந்திலும் பழுதில்லை. அந்தப் பூச்சு நன்றாக இருந்தபடியால்தான் ஈரம் மேலே ஏறியது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

இதோடு இன்னொரு புதிரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுவர் ஊறுவது மார்கழி, தையில். பூச்சு கொட்டுவதோ கச்சான் காற்று அனலாக அடிக்கும் ஆனி, ஆடியில். தண்ணீர்தான் பூச்சைக் கெடுக்கிறது என்றால், தண்ணீர் இருக்கும் காலத்தில் அல்லவா அது விழவேண்டும்?

மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைக்குப் போகும் வீதியில் சித்தாண்டி, முறக்கொட்டான்சேனை, சந்திவெளி தாண்டினால் கிரான் வரும். கோறளைப்பற்று தெற்குப் பிரதேச செயலகப் பிரிவு இதுதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறும் வாவியும் வயலும். மாரி வெள்ளத்தில் புலிபாய்ந்தகல் பக்கம் போகும் வீதி மூழ்கி, சனங்கள் படகிலும் உழவு இயந்திரத்திலும் போய்வருவது செய்தியில் அடிக்கடி வரும். மாவட்டத்தில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஒக்ரோபர் கடைசிக்கும் பெப்ரவரிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த மாதங்களில் நிலத்தடி நீர் சில இடங்களில் முற்றத்து மட்டத்துக்கே வந்துவிடுகிறது. பிறகு ஏழெட்டு மாதம் வெயிலும் காற்றும். சுவரில் தண்ணீர் எப்படி நடந்துகொள்கிறது என்று படிக்க ஓர் ஆய்வுகூடம் வேண்டுமென்றால், இதைவிடத் தோதான இடம் கிடைப்பது கடினம்.

முதலில், தண்ணீர் ஏன் மேலே ஏறுகிறது? கீழே ஓடுவதுதானே அதன் குணம்.

குத்துவிளக்கில் திரியைப் பாருங்கள். எண்ணெய் கீழே கிடக்கிறது, சுடர் மேலே எரிகிறது. நூலுக்கு நூல் இருக்கும் இடுக்குகளில் எண்ணெய் தானாகவே ஏறுகிறது. செங்கல்லும் சாந்தும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஒன்றோடொன்று தொடுத்து ஓடுகின்றன. களிமண்ணுக்கும் சீமெந்துக்கும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. துளையின் ஓரத்தில் தண்ணீர் ஒட்டி ஏறும்போது பரப்பிழுவை மிச்சத் தண்ணீரையும் கூட இழுத்துக்கொண்டு போகும். பள்ளிப் பாடப் புத்தகம் இதை மயிர்த்துளை எழுகை என்று சொல்லும். துளை எவ்வளவு ஒடுக்கமோ, அவ்வளவு உயரம் ஏறும் என்பதை ஜேம்ஸ் ஜூரின் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1718 இல் எழுதிவைத்தார். ஒரு மில்லிமீற்றர் அகலமான கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறுவது மூன்று சென்ரிமீற்றர்தான். அகலத்தைப் பத்திலொன்றாக்கினால் முப்பது சென்ரிமீற்றர். செங்கல்லில் உள்ள துளைகளோ பெரும்பாலும் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவானவை. அந்தக் கணக்கைப் பிடித்துப் போனால் ஈரம் முப்பது மீற்றர் ஏறவேண்டும். வீட்டை மட்டுமல்ல, தென்னையையும் தாண்டிப் போகவேண்டும்.

ஆனால் எந்தச் சுவரிலும் அது நடப்பதில்லை. முழங்காலிலோ இடுப்பிலோ நின்றுவிடுகிறது. ஏன் ஏறுகிறது என்பதைவிட ஏன் நிற்கிறது என்பதுதான் சுவாரசியமான கேள்வி. மேசனுக்குக் காசு தரும் கேள்வியும் அதுதான்.

திரிக்கே திரும்புவோம். திரி எவ்வளவு எண்ணெயை இழுக்கும்? சுடர் எவ்வளவை எரிக்கிறதோ அவ்வளவை. சுவரில் சுடரின் வேலையைச் செய்வது காற்று. சுவரின் முகத்திலிருந்து தண்ணீர் ஓயாமல் ஆவியாகிப் போகிறது. அடியிலிருந்து வரத்து, முகத்திலிருந்து போக்கு. ஈரம் உயர உயர, தண்ணீர் கடக்கவேண்டிய தூரம் கூடுவதால் வரத்து மெலிகிறது. அதே நேரம் நனைந்த பரப்பு கூடுவதால் போக்கு வலுக்கிறது. இரண்டும் சமமாகும் உயரத்தில் ஈரக்கோடு நிற்கிறது. சுவரில் நாம் காணும் அந்தக் கறைக்கோடு தண்ணீரின் இயலாமையைக் காட்டவில்லை. அந்த வீட்டின் மண்ணும் கல்லும் காற்றும் சேர்ந்து எட்டிய சமநிலையைக் காட்டுகிறது.

கிறிஸ்தோபர் ஹோல், வில்லியம் ஹொஃப் என்ற இரு பிரித்தானிய ஆய்வாளர்கள் 2007 இல் றோயல் சொசைட்டியின் ஆய்விதழில் இந்தச் சமநிலையைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். கணக்கை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆவியாகும் வேகம் நாலிலொன்றாகக் குறைந்தால் ஈரத்தின் உயரம் இரண்டு மடங்காகும். பாதியாகக் குறைந்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இதைக் கிரான் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். இரு முகமும் காற்றுப்படும் சுவரில் ஈரம் ஐம்பது சென்ரிமீற்றரில் நிற்கிறது என்று வைப்போம். உள்முகத்துக்கு மாபிள் ஒட்டினால் ஒரு பக்கத்துக் கதவு பூட்டியாயிற்று. ஈரம் எழுபதுக்கு ஏறும். வெளிமுகத்துக்கும் இறுக்கமான சீமெந்தும் எண்ணெய்ப் பெயின்றும் அடித்து, இரு பக்கமும் சேர்ந்து ஆவியாவது முன்பிருந்ததில் கால்வாசியானால், ஒரு மீற்றர். முதலில் சொன்ன புதிர் இவ்வளவுதான். தண்ணீர் வரும் வழியை எவரும் தொடவில்லை, போகும் வழியை மட்டும் அடைத்தார்கள். தண்ணீர் புதிய வழி தேடி மேலே போனது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். சீமெந்தை அதிகம் சேர்த்தால் பூச்சு பலம் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. ஒன்றுக்கு மூன்று என்று கலந்த இறுக்கமான சாந்து, காயும்போது அதிகம் சுருங்கும். மயிரிழை வெடிப்புகள் விடும். வாடைக்காற்று மழையை அடித்துக்கொண்டு வரும்போது அந்த வெடிப்புகளால் தண்ணீர் தாராளமாக உள்ளே போகும். திரும்பி வருவதற்கு வெடிப்பளவே இடம். மழைக்கு எதிராகக் கட்டிய மதில் மழையைச் சிறைப்பிடித்து வைக்கும் கொட்டிலாகிவிடுகிறது.

தண்ணீர் மட்டும் என்றால் இவ்வளவு சேதம் வராது. அது தனியாக வருவதில்லை, உப்பைச் சுமந்துகொண்டு வருகிறது. வாவிக்கரை மண்ணில் உப்பு உண்டு, கழுவாத மணலில் கலந்த சாந்தில் உண்டு, மாட்டுப் பட்டிக்கும் மலசலகூடக் குழிக்கும் அருகே உள்ள மண்ணில் நைத்திரேற்று உப்புகள் உண்டு, கடற்காற்றிலும் உண்டு. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு சுவரிலேயே தங்கிவிடும். ஒரு மீற்றர் நீளச் சுவர் நாளொன்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீரை ஆவியாக்குகிறது என்றும், அந்தத் தண்ணீரில் லீற்றருக்கு ஒரு கிராம் உப்பு இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் என்றால் வாயில் வைத்தால் இலேசாகக் கரிக்கும் அளவுதான். பத்து வருடத்தில் அந்த ஒரு மீற்றருக்குள் மூன்றரைக் கிலோவுக்கு மேல் உப்பு சேர்ந்திருக்கும்.

இனி கச்சான் புதிர். ஈரமான சுவர் காய்வது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதற்கட்டத்தில் உள்ளிருந்து தண்ணீர் திரவமாகவே முகம்வரை வந்து அங்கே ஆவியாகிறது. உப்பும் முகத்தில் படிகிறது. இதுதான் பூத்த உப்பு. பார்க்க அசிங்கம், ஆனால் தும்புத்தடியால் தட்டிவிட்டால் போய்விடும், சுவருக்குப் பெரிய கேடு இல்லை. கச்சான் அடிக்கத் தொடங்கியதும் காற்று கேட்கும் அளவுக்கு உள்ளிருந்து தண்ணீர் வந்து சேர முடிவதில்லை. முகம் காய்ந்துபோகிறது, ஆவியாகும் இடம் பூச்சுக்குப் பின்னால், சுவருக்குள் பின்வாங்குகிறது. அப்போது உப்பு அங்கேயே துளைகளுக்குள் பளிங்காகிறது. வளரும் பளிங்கு துளைச் சுவரை நெம்பித் தள்ளும். செங்கல்லைவிடப் பூச்சு இலேசானது, அது கழன்று வருகிறது. பெயின்றும் இறுக்கமான பூச்சும் இருக்கும் சுவரில், முகம்வரை வந்து பூக்கும் முதற்கட்டமே கிடையாது. நேரே பின்னால் இருந்து தள்ளும் கட்டம்தான். வெளியே பார்க்கச் சுவர் துப்புரவாக இருக்கும், தட்டினால் டொங்கென்று வெற்றுச் சத்தம் கேட்கும்.

சோடியம் சல்பேற்று என்ற உப்பு இதில் மகா குறும்பு. 32.4 பாகை செல்சியசுக்கு மேல் அது தண்ணீர் சேராத பளிங்கு; அதற்குக் கீழே ஈரம் கிடைத்தால் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு மூன்று மடங்குக்கு மேல் பருக்கும். பகல் வெயிலில் சுட்டு இரவில் ஆறும் எங்கள் சுவர்கள் இந்த எல்லையைப் போகவரக் கடந்துகொண்டிருக்கின்றன.

கறியுப்புக்கு வேறொரு குணம். காற்றின் சாரீரப்பதன், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய ஈரத்தில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற அளவு, 75 சதவீதத்தைத் தாண்டினால் கறியுப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். அடுக்களையில் உப்புப் போத்தலைத் திறந்து வைத்தால் மாரியில் கசிந்து கட்டியாவது இதனால்தான். மட்டக்களப்பில் மாரிக் காற்று இந்த எல்லைக்கு மேலேதான் நிற்கும். ஆகவே உப்புச் சேர்ந்த சுவர், மழையும் படாமல், நிலத்திலிருந்து ஒரு சொட்டும் ஏறாமல், சும்மா நின்றபடியே வியர்க்கும். வீட்டுக்காரர் கூரை ஒழுகுது என்பார். கூரையில் ஒரு பிழையும் இருக்காது.

அப்படியானால் ஒரு சுவர் நனைந்திருக்கிறது என்றால் அதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கலாம்: நிலத்திலிருந்து ஏறுவது, வெளியே மழையிலோ கூரையிலோ குழாயிலோ இருந்து புகுவது, உப்பு காற்றிலிருந்து இழுப்பது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எதுவென்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடையில் ஈரமானி என்று ஒரு சின்னக் கருவி விற்கிறது. இரண்டு ஊசி, ஒரு முள் அல்லது இலக்கம். ஊசிகளுக்கு இடையே மின்சாரம் எவ்வளவு இலகுவாக ஓடுகிறது என்பதைத்தான் அது பார்க்கிறது. மரத்துக்கென்று செய்த கருவி. மரத்தில் நன்றாக வேலை செய்யும். உப்புச் சுவரில் குத்தினால், உப்புக் கரைசலில் மின்சாரம் தாராளமாக ஓடுவதால், கொஞ்ச ஈரத்துக்கே முள் கடைசிக்குப் போய்விடும். பிரித்தானியாவில் இந்தக் கருவியைக் காட்டி விற்ற ஈரத்தடை வேலைகளுக்குக் கணக்கில்லை. ஜெஃப் ஹவல் என்ற செங்கல் மேசன், பின்னர் ஆசிரியரானவர், தண்ணீர்த் தட்டுகளில் செங்கல் தூண்களை நிறுத்திப் பார்த்து, எதிர்பார்த்த அளவுக்கு ஈரம் ஏறவில்லை என்று கண்டு, நிலத்தீரம் ஏறுகிறது என்பதே கட்டுக்கதை என்று 2008 இல் ஒரு புத்தகமே போட்டார். ஹோல், ஹொஃப் கணக்கு அதற்கு எதிர்ப்பக்கம். என் பார்வையில் ஹவல் தலைப்பில் மிகைப்படுத்திவிட்டார், உள்ளடக்கத்தில் பாதி சரி. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் உண்மை. ஆனால் அதன் தலையில் போடப்படும் பழிகளில் பெரும்பகுதி கூரைக்கும் பீலிக்கும் உப்புக்கும் உரியது.

நம்பத்தக்க வழி ஒன்று இருக்கிறது. பிரித்தானியக் கட்டிட ஆய்வு நிலையம் கைக்கொள்ளச் சொன்ன முறை அது. சாமான்களில் சில அடுக்களையிலேயே கிடைக்கும். சுவரில் தரையிலிருந்து வெவ்வேறு உயரங்களில் துரப்பணத்தை மெதுவாக ஓட்டித் துளைக்கவேண்டும். வேகமாக ஓட்டினால் சூட்டிலேயே ஈரம் போய்விடும். முதலில் வரும் பூச்சுத் தூளை விட்டுவிட்டு உள்ளிருந்து வரும் தூளைச் சின்னச் சின்ன மூடிப் போத்தல்களில் பிடித்து, நகைக்கடையில் வைத்திருப்பதுபோன்ற நுண்தராசில் நிறுக்கவேண்டும். பிறகு ஒரு பெரிய போத்தலின் அடியில் கறியுப்பைக் கரையாமல் மிஞ்சும் அளவுக்குப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதற்கு மேலே தாங்கி வைத்து, தூளைத் திறந்தபடி வைத்து மூடிவிடவேண்டும். அந்தப் போத்தலுக்குள் காற்று எப்போதும் 75 சதவீதத்திலேயே நிற்கும். உப்புக் கரைசலே அதைப் பிடித்து வைத்திருக்கும். சுவரைப் படுத்தும் அதே உப்பு இங்கே அளவுகோலாக நிற்பது எனக்கு எப்போதும் பிடித்த விசயம். தூள் அந்தக் காற்றில் இழுக்கவேண்டியதை இழுத்து முடிந்ததும் மீண்டும் நிறுக்கவேண்டும். கடைசியாக 105 பாகைச் சூட்டில் கனலடுப்பில் முற்றாகக் காயவைத்து மறுபடி நிறுக்கவேண்டும்.

மூன்று நிறைகள், அவற்றிலிருந்து இரண்டு விடைகள். சுவரில் இருந்தபோது தூளில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்பது ஒன்று. அந்தத் தூள் காற்றிலிருந்து தானாகவே எவ்வளவை இழுத்துவைக்க வல்லது என்பது மற்றது. முதலாவது இரண்டாவதைவிட நன்றாகக் கூடியிருந்தால் தண்ணீர் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது. இரண்டும் ஒத்திருந்தால், அல்லது இரண்டாவது பெரிதாக இருந்தால், வெளித் தண்ணீர் தேவையில்லை. உப்பு மட்டும் போதும். உயரவாரியாக எழுதிப் பார்த்தால் இன்னும் தெளியும். அடியில் ஈரம் கூடி, மேலே போகப் போகக் குறைந்து, உப்பு மட்டும் ஓர் உயரத்தில் குவிந்திருந்தால் நிலத்திலிருந்து ஏறியதுதான். மாரியில் ஏறி கச்சானில் இறங்கும் ஈரக்கோடு, போன இடமெல்லாம் தன் உப்பை வைத்துவிட்டுப் போகும்.

கருவி எதுவும் இல்லாமல் கண்ணும் நாட்காட்டியும் சொல்வதும் கொஞ்சமில்லை. வடக்கும் கிழக்கும் பார்த்த சுவர் மட்டும் திட்டுத் திட்டாக நனைந்திருந்தால் வாடைமழை அடித்துப் புகுந்திருக்கிறது. பூசாத சீமெந்துக் கல் சுவர்களில் இது அதிகம். கல்லைவிடக் கல்லுக்கும் சாந்துக்கும் இடையிலுள்ள இடுக்குத்தான் வழி. மழை விட்டு இரண்டு நாளில் காய்ந்தால் கூரையோ யன்னல் விளிம்போ. மேகம் மூடிய நாளில், மழையே இல்லாமல், திட்டுத் திட்டாகக் கறுத்தால் உப்பு. வீட்டைச் சுற்றி நாலு சுவரிலும் ஒரே மட்டத்தில் கோடு ஓடினால் நிலம்.

நிலம்தான் என்று தெரிந்த பிறகும் உடனே கரண்டியை எடுக்கக் கூடாது. அத்திவாரத்துக்கு மேல் ஈரத்தடைப் படை ஒன்று போடுவது இலங்கையில் வழக்கம். மேசன்மார் டிபிசி என்பார்கள். ஒன்றுக்கு இரண்டு சீமெந்துச் சாந்து 20 மில்லிமீற்றர் கனத்துக்கு, அதன் மேல் தார் இரண்டு பூச்சு. ஒழுங்காகப் போட்ட வீட்டில் ஈரம் அதைத் தாண்டுவது அரிது. அப்படியிருந்தும் ஏறுகிறதென்றால், பெரும்பாலும் தடையைச் சுற்றி ஒரு பாலம் கட்டப்பட்டிருக்கிறது. வெள்ளம் வருகிறதென்று முற்றத்துக்கு மண் போட்டு உயர்த்துகிறோம். வீதி அபிவிருத்தியில் வீதி உயர்கிறது, அதற்குச் சரியாகப் படியும் உயர்கிறது. கொஞ்சக் காலத்தில் தார்ப்படை மண்ணுக்குக் கீழே போய்விடும். அல்லது வெளிப்பூச்சைத் தார்ப்படையையும் மூடி நிலம்வரை இறக்கியிருப்பார்கள். ஈரம் அந்தப் பூச்சைப் பிடித்துக்கொண்டு தடையைக் கடந்துவிடும். மருந்து மண்வெட்டி. சுவரோரம் மண்ணை வெட்டி, தார்ப்படைக்குக் கீழே 15 சென்ரிமீற்றருக்கு இறக்கி, வெளிப்பூச்சின் அடியைத் தார்ப்படைக்கு மேலே வெட்டிவிட வேண்டும். பீலி இல்லாத கூரையிலிருந்து விழும் தண்ணீர் நிலத்தில் மோதிச் சுவரில் தெறிக்கும். விழும் இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குச் சல்லி போட்டாலே தெறிப்பு அடங்கும். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு மூடை சீமெந்தும் கூலியும் சேர்ந்ததைவிடக் கூடாது.

தார்ப்படையே இல்லாத பழைய வீட்டில் சுவரைத் துளைத்து, தண்ணீரை வெறுக்கும் சிலிக்கோன் வகைக் களிம்பைச் செலுத்தலாம். துளைகளின் உட்புறம் தண்ணீரைப் பிடிக்காமல் போவதால் எழுகை குறையும். பலனும் உண்டு, முற்றாக நிற்கும் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. சுவரில் சின்னப் பெட்டியை மாட்டினால் மின்காந்தத்தால் ஈரம் இறங்கும் என்று விற்பதை நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

உப்பு வேறு கதை. பூத்ததைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த தும்பால் தட்டி, நிலத்தில் விழுந்ததைக் கூட்டி அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டவேண்டும். சுவரடியில் விட்டால் அடுத்த மாரியில் திரும்பி ஏறும். ஆழமாக உள்ள உப்புக்கு, களிமண்ணையும் ஊறவைத்த கடுதாசிக் கூழையும் குழைத்துச் சுவரில் விரலளவு கனத்துக்கு அப்பிவிடுவது ஒரு முறை. அது காயும்போது சுவரிலுள்ள உப்பைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். உரித்து எறிந்துவிட்டு இன்னொருமுறை அப்பவேண்டும். அருங்காட்சியகங்களில் சிலைகளுக்குச் செய்வதும் இதுதான்.

அதன் பிறகு எதைப் பூசுவது? முந்தி இந்தக் கேள்வி எழவில்லை, சுண்ணாம்பு இருந்தது. சுண்ணாம்புச் சாந்து துளைகள் திறந்தது, சுவரைவிட மெலிந்தது. ஈரம் அதனூடே வந்து போகும், உப்பு அதற்குள் படிந்து அதையே உதிர்க்கும், கல் தப்பிக்கும். சில வருடத்துக்கொருமுறை பூச்சை மாற்றுவதும் வருடாவருடம் பொங்கலுக்கு வெள்ளை அடிப்பதும் அந்த வீட்டின் பராமரிப்பாகவே இருந்தன. பூச்சு விழுவது தோல்வி என்று அப்போது எவரும் எண்ணவில்லை. ஆனால் கிழக்குக் கரையில் சுண்ணாம்பு வந்தது பெரும்பாலும் கடலிலிருந்து, முருகைக்கல்லைச் சூளையிட்டு. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தமும் முருகைக்கல் அகழ்வதைத் தடுத்தன. தடுத்தது சரிதான். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு தென்மேற்குக் கரையில் ஆராய்ந்தவர்கள், முருகைப்பாறையை உடைத்தெடுத்த இடங்களில் அலை அதிகம் உள்ளே வந்ததைக் கண்டு 2005 இல் எழுதினார்கள். இன்று கடைக்கு வரும் சுண்ணாம்பில் மலையகத்து டொலமைட்டுக் கல்லில் சுட்டது உண்டு. அதிலுள்ள மக்னீசியம் ஒட்சைட்டு மெதுவாகத்தான் தண்ணீரோடு சேரும். போதியளவு ஊறவைக்காமல் பூசினால் பூசிய பின் சுவரில் பொத்துப் பொத்தென்று வெடித்துக் கிளம்பும். ஊறவைத்த சுண்ணாம்பு கிடைத்தால், ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு கழுவிய ஆற்றுமணல் என்ற மெலிந்த கலவை ஒன்றுக்கு மூன்றைவிட இந்தச் சுவர்களுக்கு எவ்வளவோ மேல். மேலே எண்ணெய்ப் பெயின்ற் வேண்டாம்.

எப்போது பூசுவது என்பது எதைப் பூசுவது என்பதைவிட முக்கியம். பிரித்தானிய மேசன்மாரிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: ஊறிய சுவர் காய அங்குலத்துக்கு ஒரு மாதம். எங்கள் வெயிலுக்குக் கொஞ்சம் குறைக்கலாம். அப்படிக் குறைத்தாலும் ஒன்பதங்குலச் செங்கற்சுவர், தை வெள்ளத்தில் ஊறினால், ஆடிக்கு முன்பு காய்ந்திருக்கும் என்று நம்ப இடமில்லை. நாங்களோ வெள்ளம் வடிந்த கையோடு, மாசியிலேயே பூசி முடித்துவிடுகிறோம்.

இதையெல்லாம் ஒரு மேசனுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? எங்கள் பக்கத்தில் அநேகர் கையாளாகப் போய், கலவை குழைத்து, பிறகு கரண்டி பிடித்துத் தொழில் பழகியவர்கள். தொழிற்பயிற்சி அதிகார சபை போன்ற நிறுவனங்கள் ஊடாக மேசன் தொழிலுக்கு என்.வி.கியூ சான்றிதழும் இருக்கிறது. இந்த இரண்டு வழியாலும் கைக்கு வருவது முதன்மையாகக் கட்டும் வேலை. கட்டவேண்டிய தேவை அப்படி இருந்தது. 1978 நவம்பர் சூறாவளி, 2004 கடல், இவற்றோடு போர். இந்திய உதவித் திட்டத்தில் மட்டும் வடக்கு கிழக்கில் 46,000 வீடுகள் கட்டவும் திருத்தவும் பொறுப்பெடுக்கப்பட்டது. அதன் ஒப்பந்தம் 2012 இல். அந்த வீடுகளில் பல இப்போது பத்து வயதைத் தாண்டிவிட்டன. பூச்சு விழும் வயது.

வேறு நாடுகளில் பழுதுபார்ப்பு தனிக் கல்வி. பிரித்தானியாவில் 1877 இல் வில்லியம் மொரிஸ் தொடங்கிய பழங்கட்டிடப் பாதுகாப்புச் சங்கம், கைவினைஞர்களைத் தெரிந்தெடுத்து மாதக்கணக்கில் கட்டிடம் கட்டிடமாக அழைத்துப்போய்க் காட்டும் பயிற்சியை இன்றும் நடத்துகிறது. கிரானில் அந்தளவு வேண்டியதில்லை. ஒரு தகரக் கொட்டிலும் ஒரு தராசும் போதும். முதல் நாள் ஒரு செங்கல்லை இரண்டு ஆணி மேல் வைத்து, அடி மட்டும் தொடுமாறு தட்டில் தண்ணீர் விட்டு, 1, 4, 9, 16 ஆவது நிமிடங்களில் எடுத்து நிறுக்கச் சொல்லலாம். முதல் நிமிடத்தில் 30 கிராம் குடித்த கல் நாலாவதில் 60, ஒன்பதாவதில் 90, பதினாறாவதில் 120 என்று போகும். நேரம் நாலு மடங்கானால்தான் குடித்தது இரண்டு மடங்காகிறது என்று கையாலே தெரிந்துவிடும். ஈரம் ஏறும் வேகம் ஏன் மெலிகிறது, காற்று ஏன் அதைப் பிடித்துவிட முடிகிறது என்பதற்கு அதன் பிறகு விளக்கம் தேவைப்படாது. சூளைச் செங்கல், சீமெந்துக் கல், பழைய வீட்டுக் கல் என்று மாற்றி மாற்றி வைத்தால் எது எவ்வளவு குடிக்கிறது என்பதும் தெரியும். தரையோடு ஒட்டி இரண்டு குட்டைச் சுவர் கட்டி, ஒன்றுக்குச் சீமெந்தும் பெயின்றும், மற்றதற்குச் சுண்ணாம்புச் சாந்தும் பூசி, இரண்டின் அடியையும் உப்புத் தண்ணீரில் விட்டுவைத்தால், ஒரு மாரியும் ஒரு கச்சானும் போவதற்குள் ஈரக்கோடு இரண்டிலும் எங்கே நிற்கிறது என்று அடிமட்டம் வைத்து அளக்கலாம்.

பயிற்சி தீர்க்காத ஒன்று பாக்கியிருக்கிறது. பூச்சு வேலைக்குக் கூலி சதுர அடிக் கணக்கில். "இப்ப பூச வேணாம் அக்கா, முற்றத்து மண்ண வெட்டி இறக்குங்க, நாலு மாசம் சுவர் காயட்டும், ஆடில வந்து பாக்கிறன்" என்று சொல்லும் மேசனுக்கு அன்றைக்கு ஒரு சதமும் கிடையாது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகவேண்டியதுதான். அடுத்த நாள் வேறொருவர் வந்து பூசிவிட்டுக் கூலி வாங்கிப் போவார். மின்னியலாளர் வந்து பார்த்துவிட்டுப் போவதற்கும், மோட்டார் சைக்கிள் திருத்துபவர் இயந்திரத்தைத் திறந்து பார்ப்பதற்கும் நாங்கள் காசு கொடுத்துப் பழகிவிட்டோம். சுவரைத் துளைத்து, தூளை நிறுத்து, மூன்று நாள் கழித்துக் காரணம் சொல்லும் மேசனுக்கும் அரைநாட் கூலியாவது எழுதிக் கொடுக்கும் வழக்கம் வரவேண்டும். வெள்ள நிவாரணத்தில் வீடு திருத்தக் காசு ஒதுக்கும்போது அந்த அரைநாளுக்கும் ஒரு வரி சேர்ப்பதில் பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை; மதிப்பீட்டுப் படிவத்தில் சீமெந்து மூடைக்கு முன்னால் அதற்கு ஓர் இடம் விட்டால் சரி.